கமலாசனி மன்றத்தின் எட்டுத் தையல் மெஷின்கள்

இறந்தவர் பெயரில் தருமம் செய்யும் மன்றத்தில் வேலை பார்ப்பவனுக்கு முதலாளிகள் இரண்டு பேர்: ஒருவர் நாற்காலியில் இருப்பார், மற்றவர் சுவரில் இருப்பார். சுவரில் இருப்பவரால் ஒரு தொந்தரவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. நாற்காலியில் சபாரத்தினம் அங்கிள். ஒரு காலத்தில் சாம்பியாவில் கணக்கு வாத்தியார். சுவரில் அவருடைய மனைவி கமலாசனி. அங்கிள் படிப்பித்த கிராமத்தில், பள்ளிக்கூட விறாந்தையில் பெண்களை இருத்திக் கமலாசனி தையல் பழக்கியிருக்கிறார். அவர் காலமான பிறகு, அந்தப் பெண்களுக்கு உதவ அங்கிள் தொடங்கியதுதான் கமலாசனி ஞாபகார்த்த மன்றம். நான் அதன் ஒரே சம்பளக்காரன். நீங்களும் ஏதாவதொரு மன்றத்தில் மாட்டுப்பட்டவராகத்தான் இருப்பீர்கள். நமது ஆட்களில் தப்பியவர் யார்?

மின்சாரம்

கமலாசனியிடம் தையல் பழகிய எஸ்தர் என்பவர் அந்த வசந்த காலத்தில் கடிதம் எழுதியிருந்தார். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாகியிருக்கிறார்கள். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும். அதற்கு முன் மெஷின்கள் கிடைத்தால் சீருடை தைக்கும் வேலை அவர்களுக்கு. கிடைக்காவிட்டால் பட்டணத்துக் கடைக்காரருக்கு. ஊரில் மின்சாரம் இல்லாதபடியால் கையால் சுழற்றும் மெஷின்தான் வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

நான் பத்திரிகையில் விளம்பரம் போட்டேன். மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு அன்ரி நாற்பது வகைத் தையல் போடும் மின்சார மெஷினைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். அந்தக் கிராமத்தில் கரண்ட் இல்லை என்று பணிவாகச் சொன்னேன். அன்ரி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"கரண்ட் இல்லாட்டி என்ன தம்பி, பகலிலை தைக்கச் சொல்லுங்கோவன்."

சப்பாத்து

விளம்பரத்தில் நீலத்துணியும் வெள்ளைத்துணியும் கேட்டிருந்தோம். வந்தவை குளிர் ஜாக்கெட்டுகள், ஒரு கோட்டு சூட்டு, காது மூடும் தொப்பிகள் ஒரு பெட்டி. சனங்களுக்கு நிலவறையைத் துப்புரவாக்க ஒரு கண்டம் தேவைப்பட்டது, ஆபிரிக்கா அகப்பட்டது. விட்பியிலிருந்து வந்த ஒருவர் ஐஸில் சறுக்கும் சப்பாத்து இரண்டு சோடி கொண்டுவந்தார். அங்கே ஐஸ் இல்லை என்பது தனக்கும் தெரியும் என்றார்.

"அடியிலை இருக்கிற தகட்டைக் கழட்டிவிட்டாச் சரி அண்ணை. தோலைப் பாருங்கோ, சுத்தத் தோல்."

மாலை

கை மெஷின்களைக் கடைசியில் நானே தேடிப் பிடித்தேன். பழைய மெஷின் திருத்தும் ஒரு போர்த்துக்கேயக் கிழவரிடம் எட்டு இருந்தன. ஆவணி முடிவதற்குள் எண்ணெய் போட்டு, ஊசி மாற்றி, பெட்டியில் அடைத்தாயிற்று. புரட்டாதி முதல் கிழமை கப்பல். அதில் ஏற்றினால் கிறிஸ்மஸுக்கு முன் எஸ்தரின் கையில் இருக்கும்.

அப்போதுதான் செயலாளர் அருளானந்தம் அண்ணைக்குக் கமலாசனியின் திவசம் ஞாபகம் வந்தது. திதி ஐப்பசியில். மண்டபம் எடுத்து, எட்டு மெஷினையும் படத்துக்கு முன்னால் அடுக்கி, பூசை செய்து, வீடியோ எடுத்த பிறகே அனுப்ப வேண்டும் என்றார். நான் எஸ்தரின் கடிதத்தை எடுத்துத் தை மாதம் என்ற வரியைக் காட்டினேன். சீருடை வேலை போய்விடும் என்று இரண்டுதரம் சொன்னேன். அங்கிள் கடிதத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "எஸ்தர் பொறுமையான பிள்ளை" என்று முணுமுணுத்தார். அருளானந்தம் அண்ணை விஷயத்தை முடித்துவைத்தார்.

"பிறகென்ன, திவசத்துக்கு வெறும் மேசைக்கு மாலை போடுறதோ?"

மெஷின்கள் விரைவில் புறப்படும் என்று அன்றைக்கே எஸ்தருக்குக் கடிதம் அடித்தவனும் நான்தான். 'விரைவில்' என்ற சொல்லில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

நூல்

திவசம் குறையில்லாமல் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். எட்டு மெஷினுக்கும் சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் கமலாசனியின் படம் பதித்த தகடு. அதற்குக் கீழே, படத்தைவிடப் பெரிய எழுத்தில் நிர்வாகக் குழுவின் பெயர்கள். சிறப்பு விருந்தினர் கைப்பிடியைச் சுழற்றித் தையலைத் தொடக்கிவைத்தார். ஊசி ஏறி இறங்கியது. சபை கைதட்டியது. பத்துத்தரம் சுழற்றிய பிறகு விருந்தினர் துணியைத் தூக்கிப் பார்த்தார். வரிசையாகத் துளைகள் மட்டும். நூல் கோர்க்க எல்லோரும் மறந்துவிட்டோம். நான் நூற்கட்டையைத் தேடி ஓடினேன். வீடியோக்காரர் தடுத்தார்.

"விடுங்கோ தம்பி, நூல் வீடியோவிலை விழாது. ஐயா, இன்னொருக்காச் சுத்துங்கோ!"

எஸ்தரின் பதில்

மெஷின்கள் பங்குனியில்தான் போய்ச் சேர்ந்தன. எஸ்தரின் கடிதம் ஆங்கிலத்தில், கோடு போட்ட கொப்பித்தாளில் வந்தது. எட்டும் நன்றாக ஓடுகின்றனவாம். கிறிஸ்மஸ் வரை பன்னிரண்டு பேரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தார்களாம். தையில் சீருடை வேலை பட்டணத்துக் கடைக்காரருக்குப் போய்விட்டது. நான்கு பெண்கள் குழுவை விட்டுச் சோளத் தோட்டக் கூலிக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சப் பேர் இப்போது தலையணை உறை தைக்கிறார்கள். குறை சொல்லும் தொனியே இல்லை. மேடத்தின் படத்தை எல்லோரும் அடையாளம் கண்டார்களாம். அவர்தான் கொண்டுவந்ததுபோல் இருந்ததாம். கடைசி வரியை மட்டும் அங்கிளுக்கு நான் வாசிக்கவில்லை. தாளை அவரிடமே கொடுத்தேன்.

"மேடம் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் பிந்தி வந்ததில்லை."

அங்கிள் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்து நான் தேடிப் பிடித்த எட்டு மெஷினும் திவசத்துக்குக் காத்திராமல் ஆனியிலேயே கப்பல் ஏறின. அருளானந்தம் அண்ணை மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. ஐப்பசியில் வெறும் மேசைக்குத்தான் மாலை போட்டோம். தையில் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எஸ்தர் ஆட்கள் தைத்த சீருடையில் வரிசையாக நிற்கும் படம் ஒன்று வந்தது.

எனக்குத் தெரிந்தவரை, எங்கள் மன்றம் உருப்படியாகச் செய்த ஒரே திவசம், சபைக்குக் காட்ட ஒன்றுமே இல்லாமல் போன அந்தத் திவசம்தான்.