ஒரு மணி அடித்தால் தூக்கு

அப்பா வாங்கிய பிக்கப் வண்டியில் எங்களுக்கு முன்னால் குடியிருந்தவை கோழிகள். பங்காரப்பேட்டை போகும் வழியில் ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால், டயர்கள் மண்ணில் புதைந்து அது நின்றிருந்தது. சூளைக்காரர் கோழிகளை விரட்டிவிட்டு, வண்டியை டிராக்டரில் கட்டி சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டு வாசல்வரை இழுத்துவந்து விட்டுப் போனார். இழுத்ததற்குக் கூலி கேட்கவில்லை. அப்போதே அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தங்கச் சுரங்கம் மூடிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அப்பா மைசூர் மைன்ஸில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டான கேஜை ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் இறக்குவதும் தூக்குவதும் அவர் வேலை. அத்தனை ஆழத்துக்கு ஆட்களைச் சேதமில்லாமல் இறக்கியவனுக்கு நாலு சக்கரத்தைத் தரைமேல் ஓட்ட வராதா என்பது அவர் கட்சி. அம்மாவின் கட்சி வேறு. லைனில் பாதிப் பேர் விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் மாமா அங்கே ஒரு கட்டடத்தில் அப்பாவுக்கு செக்யூரிட்டி வேலை சொல்லிவைத்து, காக்கிச் சட்டையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மாதம் பிறந்தால் சம்பளம். சண்டைபோட்டுக் களைத்து, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வண்டி ஓடினால் அப்பா வண்டியோடு, ஓடாவிட்டால் ரயிலோடு. சட்டை ஆணியில் தொங்கிக் காத்திருந்தது.

அப்பா அதற்குமுன் எந்த வண்டியின் பானெட்டையும் திறந்து பார்த்தவரில்லை. கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையில் கோணிமேல் அடுக்கிவைத்து, அதே வரிசையில் பின்னாலிருந்து மாட்டினார். எல்லாம் மாட்டிய பிறகும் இரண்டு போல்ட்டு மிஞ்சின. அவற்றைத் துணியில் முடிந்து கண்ணாடியில் தொங்கவிட்டார். டீசல் பில்டரில் ஒரு கோழியிறகு கிடைத்தது. டேங்கில் ஒழுகிய இடத்தை அம்மாவின் துணி சோப்பைப் பிசைந்து அடைத்தார். அம்மா சோப்பைத் தேடியபோது வண்டிக்கடியில் போய்த் துவைத்துக்கொள்ளச் சொன்னார். வண்டியின் தரையில் இருந்த ஓட்டைக்கு எண்ணெய் டின்னைத் தட்டி வைத்தார். ஆச்சரியம், ஒரு நாள் சாயங்காலம் இன்ஜின் கிளம்பிவிட்டது. லைனே வந்து பார்த்தது. அம்மா மட்டும் அடுப்பை விட்டு வரவில்லை.

மிச்சமிருந்தது பிரேக். மிதித்தால் பெடல் தரைவரை போயிற்று. ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் ஒருவர் வந்து, பிரேக் குழாயில் காற்று இருக்கிறது என்று சொல்லி, கூலியையும் சொன்னார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, காற்றை எப்படி எடுப்பது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். எண்ணெயோடு காற்றும் வெளியேறும். திருகு மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

மிதிக்க அம்மா. அடியில் அப்பா. திருகில் மாட்டிய குழாயின் நுனியில் மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் வைண்டர் ரூமில் யாரும் பேசமாட்டார்கள், மணிதான் பேசும். அந்தப் பழக்கத்தில் அப்பா ஸ்பேனரால் வண்டியின் அடிச்சட்டத்தில் தட்டினார். லைனில் குழந்தைக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும். இரண்டு மணி அடித்தால் இறக்கு. ஒரு மணி அடித்தால் தூக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து. மூன்று மணி அடித்தால் ஆள் ஏறியிருக்கிறது, நிதானம். அம்மாவின் அப்பா ஷாஃப்ட் வாயில் நின்று அந்த மணியை அடித்தவர்தான்.

அப்பா இரண்டு தட்டுவார், அம்மா மிதிப்பாள். அப்பா ஒன்று தட்டித் திருகைத் திறப்பார். மூடிய பிறகு இன்னொன்று தட்டுவார், காலை எடுக்க. இப்படியே சக்கரம் சக்கரமாகச் சுற்றினோம். பெடல் கெட்டிப்படவேயில்லை. மாஸ்டர் சிலிண்டர் வாஷரை மாற்றினார். பழைய இரும்புக் கடையில் வேறொரு குழாய் வாங்கி மாட்டினார். அப்படியும் பெடல் தரைக்கே போயிற்று. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. அம்மா காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக ஒருமுறை என்று உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் நான் பாட்டிலை விட்டுக் குழாயைப் பார்த்தேன். இறங்கி வந்த எண்ணெய் பாதியில் நின்று, குமிழிகளோடு திரும்பிப் போயிற்று.

"ப்பா, எண்ணெய் மேல போவுது" என்றேன்.

அப்பா அடியிலிருந்து நகர்ந்து வந்து எழுந்து, கதவருகே நின்றார். அம்மாவின் கால் பெடலில் இல்லை.

"இன்னாமே, கால எடுத்துட்டியா?"

"ஒன்னுதான தட்டினீங்க."

"ஒன்னுன்னா நிறுத்து. அப்படியே புடி."

"அது ஓடற கேஜுக்கு. கால் அடியில போயி நின்னாச்சு. நின்ன கேஜுக்கு ஒரு மணி அடிச்சா இன்னா அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"சரிதான். மணி அடிச்சவன் தப்பு. இனிமே வாயால சொல்றேன்."

மிதி, வுடு என்று சொல்லிச் சொல்லிச் செய்ததில் பொழுது சாய்வதற்குள் பெடல் கல் மாதிரி நின்றது. மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கம் இறங்கும் சரிவில் வண்டியைப் பார்த்துவிடலாம் என்று அப்பா ஏறினார். நான் பக்கத்தில். அம்மாவையும் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றாள். வண்டி நகரப்போகும் நேரத்தில் பின்னால் ஏறிவிட்டாள். கேபின்மேல் மூன்று தட்டு விழுந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. சரிவு முழுவதும் நடை வேகத்தில் இறக்கி, ஸ்டேஷனுக்கு எதிரில் அலுங்காமல் நிறுத்தினார். மறுநாள் அம்மாவே அந்தக் காக்கிச் சட்டையைக் கிழித்து வண்டி துடைக்கப் போட்டாள்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு எங்கெங்கோ சுற்றிய பிறகு, ஓசூரில் நான் ஒரு லோடு ஆட்டோ ஓட்டினேன். ஒருநாள் அதற்கு பிரேக்கில் காற்று எடுத்தார்கள். நான்தான் மிதித்தேன். கீழே திருகைத் திறந்ததும் பெடல் காலடியில் தானாகக் கரைந்து இறங்கியது. அந்த நேரத்தில் காலை எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, பாதத்துக்கே தெரிகிறது. அம்மாவின் பாதத்துக்கும் முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்துதான் எடுத்தாள். அப்பா மாதச் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்று அவள் சண்டைபோட்டது போதாமல், காலாலும் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

அது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆயிற்று. அப்பாவுக்கு அன்றைக்கே, கதவருகே நின்றபோதே புரிந்துவிட்டது. மணிக்காரர் வீட்டுப் பெண் மணியைத் தப்பாகக் கேட்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் தப்பைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். நானோ, எண்ணெய் திரும்பிப் போனதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பள்ளிக்கூடம் திறந்த அன்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.