ஊதக்கூடாத மாதங்கள்

2025 மார்ச் எட்டாம் தேதி தக்கலைப் பேருந்து திடீரென்று பிரேக் போட்டதில், ஆன்ஸ்லினின் வாய் முன்சீட்டுக் கம்பியில் மோதி மேல்வரிசை முன்பல் ஒன்று போனது. நாற்பத்திமூன்று வயது. பேண்டு செட்டில் டிரம்பட் ஊதுவது பிழைப்பு. ஊதும்போது கருவி அழுந்துவது அந்த முன்பற்களின் மேல்தான்.

செட்டைத் தொடங்கியவர் அவருடைய அண்ணன் நேசமணி. அவர் பெரிய டிரம், தம்பி டிரம்பட். சாவு வீட்டில் பெட்டியைத் தூக்கும்போது முதல் பாட்டை டிரம்பட்தான் எடுக்கும்.

ஜூனில், கோட்டாற்றில் பல் மருத்துவர் அஞ்சலி தாடையில் புதுப் பல்லைத் தாங்கும் திருகு பதித்தார். எலும்பு குறைந்திருந்த இடத்தில் எலும்புத் தூள் நிரப்பி, மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தித் தைத்தார். ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக. ஈறு முந்திக்கொண்டு உள்ளே புகாமல் அந்தச் சவ்வு தடுக்கும்.

“ஆறு மாசம் கழிஞ்சுதான் நிரந்தரப் பல்லு. இப்ப தாறது பார்வைக்கு. கடிக்கவும் கூடாது, ஊதவும் கூடாது.”

“மெதுவா ஊதினா, டாக்டர்?”

“டிரம்பட்ட மெதுவா ஊதுவியளா?”

ஆகஸ்டில் நேசமணி மாரடைப்பில் இறந்தார். செட்டுக்காரர் அடக்கத்தில் வெளியாள் ஊதக்கூடாது என்பது அவர்களுக்குள் வழக்கம்.

“நீ ஊதாண்டாம் மக்கா. கூட நடந்தா போரும்” என்றார் அண்ணி ராஜபாய்.

கிளாரினெட்காரர் ரெனிஷும் தடுத்தார். “நான் எடுக்கேன். நீ ஊதினா அந்த டாக்டரு என் பல்லையும் பிடுங்கிரும்.”

பெட்டியைத் தூக்கினார்கள். ரெனிஷ் தொடங்கினார். முதல் அடியிலேயே அழுகை முட்டி கிளாரினெட் நின்றுவிட்டது. தெருவே காத்து நின்றது. பெட்டியைச் சுமந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்ஸ்லின் பொய்ப்பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிரம்பட்டை எடுத்தார்.

கல்லறைத் தோட்டம்வரை ஊதினார். வாசலை நெருங்கும்போது வாயில் இரத்தம் கரித்தது.

தைத்த இடம் பிளந்து, சவ்வு வெளியே தெரிந்து, சீழ் வைத்தது. திருகு ஆடத் தொடங்கிய பிறகுதான் கோட்டாற்றுக்குப் போனார். அஞ்சலி பார்த்தவுடனே கேட்டார்: “யாருக்க அடக்கம்?”

“அண்ணனுக்க.”

அஞ்சலி கையுறை மாட்டிக்கொண்டு திருகைக் கழற்றி எடுத்தார்.

“இனி எப்ப ஊதலாம், டாக்டர்?”

“முதல்ல புண்ணு ஆறட்டும். எலும்பு எவ்வளவு மிச்சம்னு பாத்துட்டுச் சொல்லுதேன்.”

வரும் சனிக்கிழமை இரணியலில் ஓர் அடக்கம். டிரம்பட் ஊத மார்த்தாண்டத்திலிருந்து ஆள் வருகிறார். ஆன்ஸ்லின் அண்ணனின் பெரிய டிரம்மை அடிக்கிறார்.