லாசாவுக்கு ஆள் சேர்த்த கதை

1. நோட்டீஸ்

திபெத் டூர் நோட்டீஸ் அச்சாகி வந்த அன்றுதான் எங்கள் ஆபீஸ் திபெத்துக்கு டூர் போகிறது என்பது எனக்கே தெரிந்தது. அந்த ஆபீஸில் டூர் திட்டம் போடுகிறவள் நான்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு டிராவல்ஸ் அது. டிக்கெட் கவுண்டரில் சேர்ந்து, டூர் மேனேஜராக ஓய்வு பெற்றேன். காசி, கயா, ஜெருசலேம் என்று ஆட்களை அனுப்பிப் பழக்கம். எல்லா ஊரிலும் நம் ஆட்கள் முதலில் கேட்பது இட்லி, அடுத்து வெந்நீர், மூன்றாவதாகத்தான் சாமி.

நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். பச்சைப் புல்வெளி, மர வீடு, கழுத்தில் பெரிய மணி கட்டிய மாடு.

“சார், இது சுவிட்சர்லாந்து படம்.”

“மலைதானேம்மா? பனி இருக்குல்ல?” என்றார் முதலாளி சுந்தரம். வாழ்நாளில் கொடைக்கானலுக்கு மேலே ஏறாதவர். அங்கேயும் ஏரியில் படகு விட்டுவிட்டு அன்றைக்கே இறங்கியவர்.

படத்தைவிட உள்ளே இருந்த புரோகிராம்தான் மோசம். காலையில் காத்மாண்டுவிலிருந்து விமானம், லாசாவில் இறக்கம், மதியமே பொட்டாலா அரண்மனை, மறுநாள் இன்னும் உயரத்தில் இருக்கிற ஏரி. லாசா கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. போய் இறங்கினால் உடம்பு பழகுகிறவரை சும்மா படுத்திருக்க வேண்டும். பழகாமல் ஏறினால் தலைவலி, வாந்தி. முற்றினால் நுரையீரலில் நீர் கோத்து ஆளே போய்விடும்.

“முதல்ல ரெண்டு நாள் ரெஸ்ட் வைக்கணும் சார்.”

“ரெஸ்டா? சும்மா படுத்திருக்க வீட்ல கட்டில் இல்லியா? ஒரு பய வர மாட்டான்.”

நான் புரோகிராமை மாற்றி டைப் அடித்து வைத்துக்கொண்டேன். எப்படியும் அதைப் படிக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது.

2. ரைஸ்மில்காரர்

முதலில் வந்தவர் கறம்பக்குடி ரைஸ்மில் முதலாளி ரெங்கசாமி. பின்னால் அவர் மனைவி பெரியநாயகி. அரசுப் பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இரண்டு நாற்காலி போட்டிருந்தேன். ஒன்றில் ரெங்கசாமி உட்கார்ந்தார், மற்றதில் தன் பையை வைத்தார். டீச்சர் நின்றார். நான் எழுந்துபோய் உள்ளே இருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்தேன். ரெங்கசாமி அதைக் கவனிக்கவே இல்லை.

திபெத் ஏன் என்று கேட்டேன்.

“எங்க சம்மந்தி போன வருசம் சுவிட்சர்லாந்து போயிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வாரப்பல்லாம் அந்தப் போட்டோதான். அதவிட ஒசரமா என்ன இருக்குன்னு பேரனைக் கேட்டேன். திபெத்துன்னான்.”

இவ்வளவுதான் காரணம். உலகத்தின் கூரை என்று சொல்லப்படுகிற ஒரு நிலம், அதில் எத்தனையோ நூற்றாண்டாக மனிதர்கள் கட்டிவைத்த மடங்களும் கோட்டைகளும். எல்லாம் இவர் சம்பந்தியின் வாயை அடைப்பதற்காக.

“டீச்சர், உங்களுக்கு சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?”

“அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“மலை ஏறிப் பழக்கம் உண்டா டீச்சர்?”

“குடுமியான்மலைக்கு வருசாவருசம் போவா. இங்கிட்டு எழுதிக்கங்க, ஜன்னல் சீட்டு எனக்கு.”

அவர் போனில் யாரையோ அதட்டத் தொடங்கிய இடைவெளியில்தான் டீச்சர் வாய் திறந்தார்.

“ஏம்மா, சாங்போ பாக்க முடியுமா?”

ரெங்கசாமி போனைக் காதிலிருந்து எடுத்தார். “அது என்னது, கடையா?”

“ஆறு. நம்ம பிரம்மபுத்திராவுக்கு அங்க அதான் பேரு.”

“ஆறு பாக்கவா அம்புட்டுத் தூரம்? ஆறு நம்மூர்லயே கெடக்கு.” மறுபடி போனுக்குப் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், லாசா விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகிற வழியிலேயே அந்த ஆறு ஓடுகிறது. தனியாக எந்த ஏற்பாடும் தேவையில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னால் போதும். அதைச் சொன்னதும் டீச்சர் முகம் மாறியது. கணவர் திரும்பிப் பார்க்க, மறுபடி பழையபடி ஆகிவிட்டது.

3. தெரிந்த டாக்டர்

எல்லோரிடமும் மெடிக்கல் ஃபிட்னஸ் கேட்டிருந்தேன். ரெங்கசாமி மறுநாளே இரண்டு சர்டிஃபிகேட் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே வாசகம், ஒரே பேனா.

“டாக்டர் உங்களைப் பாத்தாரா சார்?”

“பாக்காம என்ன? தெரிஞ்சவரு. போன்ல பேசினோம்.”

மாடிப்படி ஏறி வந்ததற்கே அவருக்குச் சட்டை நனைந்திருந்தது. இந்த சர்டிஃபிகேட்டை வாங்க முடியாது, திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் டிரெட்மில் டெஸ்ட் எடுத்து வாருங்கள் என்றேன். அவர் நேரே முதலாளி அறைக்குப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“மேரி, வர்ற ஆளை விரட்டுறதுக்கா ஒனக்குச் சம்பளம்? வாங்கி வைம்மா.”

“சார், இது குரூப் விசா. எல்லார் பேரும் ஒரே தாள்ல. ஒண்ணா உள்ள போயி ஒண்ணா வெளிய வரணும். அங்க ஒருத்தர் விழுந்தா மத்தவுங்க பாடும் திண்டாட்டம். நீங்கதானே குரூப் லீடரா போறீங்க? நீங்கதான் தூக்கிட்டு வரணும்.”

‘நீங்கதான்’ என்ற சொல் வேலை செய்தது. இருவருமே என்னைத் திட்டிக்கொண்டு, திருச்சிக்குச் சம்மதித்தார்கள்.

டீச்சர் தேறிவிட்டார். ரெங்கசாமியை டிரெட்மில்லில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே இறக்கிவிட்டார்கள். இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும், அந்த உயரத்துக்கு இவர் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கேள்விப்பட்ட அன்றே எங்கள் முதலாளிக்கு ஆபீஸில் திடீரென்று வேலை குவிந்தது. “நீயே குரூப்பைக் கூட்டிட்டுப் போயிட்டு வா மேரி” என்றார்.

ரெங்கசாமி மனைவியோடு மறுபடி வந்தார்.

“ரெண்டு பேருக்கும் கேன்சல் பண்ணிருங்க.”

“பண்ணிரலாம்ணே” என்றார் முதலாளி.

விசாவுக்கு இன்னும் தாள் போகவில்லை. ஒரு பெயரை எடுக்க ஒரு சிரமமும் கிடையாது. நான் டீச்சரைப் பார்த்துக் கேட்டேன்: “டீச்சர், உங்களுக்கும் கேன்சல் பண்ணவா?”

“அவள என்ன கேக்குறீங்க? நான் போகாத எடத்துக்கு அவ எதுக்கு?”

“நான் போறேன்” என்றார் டீச்சர்.

முதலாளி காபி டம்ளரைக் கீழே வைத்தார். ரெங்கசாமிக்கு முதலில் காதில் விழவில்லை போலிருந்தது.

“யார் கூடப் போவ?”

“இந்தப் பொண்ணு வருதுல்ல.”

“எனக்கு ஒடம்பு சரியில்லாதப்பவா?”

“ஆஞ்சியோ பாத்து, டாக்டர் சரின்னு சொன்ன பெறகுதான் கெளம்புவேன். இன்னும் நாள் கெடக்கு. மகன் வந்து கூட இருக்கேன்னு சொல்லிருக்கான்.”

“வீட்ல சோறு யாரு பொங்குறது?”

“மில்லு வச்சிருக்கீக. அரிசிக்கு என்ன பஞ்சம்? பொங்கிக்கங்க.”

குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் பையனிடம் வரைபடத்தை மடித்து வைக்கச் சொல்கிற மாதிரி சொன்னார். ரெங்கசாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை மட்டும் எடுத்தேன்.

4. ஆறு

ரெங்கசாமிக்குக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, அவர் வீட்டில் நடமாடத் தொடங்கிய பிறகு கிளம்பினோம். குரூப்பில் மற்றவர்கள் ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள். வழி நெடுக, “படுத்திருக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?” என்று என் புரோகிராமைக் கேலி செய்தார்கள்.

லாசாவில் விமானம் இறங்கியதும் முதலில் விழுந்தது அவர்கள் யாருமில்லை, நான்தான். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு வேன் கிளம்புவதற்குள் மண்டை பிளந்தது. கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டேன்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று டீச்சர் குரல் கேட்டது. “மேரி, எந்திரி. ஆறு.”

இறங்கினேன். இறங்கிய வேகத்தில் சாலையோரம் வாந்தி. டீச்சர் ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பார்வையை மட்டும் ஆற்றிலிருந்து எடுக்கவில்லை. எனக்கும் அது தெரிந்தது. மொட்டை மலைகளுக்கு நடுவே அகலமாக, கிளை கிளையாகப் பிரிந்து, சாம்பல் நிறத்தில் ஓடியது. கரையெல்லாம் மணல் மேடு.

“சர்வீஸ் பூரா போர்டுல நீல சாக்பீஸ்லயே போட்டுட்டேன்” என்றார். “பாரு, நீலமாவே இல்ல. நம்ம வெள்ளாறு மாதிரி மணலாக் கெடக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா இதுல தண்ணி ஓடுது” என்றார். கண் கலங்கியிருந்தது. புடவைத் தலைப்பால் முதலில் என் வாயைத் துடைத்துவிட்டு, பிறகு வேறு முனையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேனுக்குள் வங்கிக்காரர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அவர்களும் ஹோட்டலில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். அதற்கப்புறம் ரெஸ்ட்டைப் பற்றிக் கேலி வரவில்லை.

பொட்டாலாவில் டீச்சர் நிதானமாக, நின்று நின்று ஏறினார். ஜோகாங் கோயில் வாசலில் கையில் மரக்கட்டை மாட்டிக்கொண்டு மக்கள் விழுந்து விழுந்து கும்பிட்டார்கள். நம் ஆட்கள் அவர்கள் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டினார்கள். நார்த்தாமலைத் திருவிழாவில் வேண்டுதலுக்கு வந்தவரை எவனாவது அப்படிப் படம் பிடித்தால் சண்டைக்குப் போகிற அதே ஆட்கள்தான். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

5. கல்யாண வீடு

சில மாதம் கழித்து கறம்பக்குடியில் ஒரு கல்யாணம். டீச்சர் அழைத்து நானும் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் ரெங்கசாமி, சம்பந்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டீச்சர் எடுத்த போட்டோக்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“லாசாவுல படி ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கிரும் மாப்ள. நமக்குப் பழக்கம் இருக்கப்போயி சமாளிச்சோம்.”

எதிர்ப்பந்தியில் இருந்த டீச்சர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “இவுக ஏறினது ஆஸ்பத்திரி டிரெட்மில்லு.”

சம்பந்திக்குப் புரை ஏறிவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உயரம், பெர்மிட், மாத்திரை எல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். கணவனும் மனைவியுமாக வந்தால், பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரிடம் முதலில் கேளுங்கள். நீங்கள் கேட்காத ஆள் பதில் சொன்னால், “உங்களை அப்புறம் கேக்குறேன் சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பேசாதவரையே பாருங்கள். திபெத்துக்குப் பிறகு வேலையில் இருந்த காலம் முழுக்க நான் அப்படித்தான் செய்தேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போன கணவர்கள் உண்டு.

அவர்களில் சிலரின் மனைவிகள் பிறகு தனியாக மாடி ஏறி வந்தார்கள்.