படத்தில் ஏறிய வேலிப்பொட்டு

சைக்கிளில்தான் ஊர் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் வேறெதில் பார்த்தோமாம்? புளியங்குளம் சந்தியிலிருந்து உள்ளே போகிற எங்கள் குடியேற்றத்துக்குள் பஸ் ஒன்று திரும்பினால், வழி தவறி வந்துவிட்டது என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். ஆனால் அவர் நகரத் திட்டமிடல் படித்தவர், கொழும்பிலிருந்து வந்தவர். நான் அவருடைய திட்டத்துக்கு வரைபடம் கீறுகிறவன். சைக்கிள் என்றால் சைக்கிள்தான்.

ஊர் முழுக்க நிழல் மரம், மழைத் தண்ணீர் தேங்காத வாய்க்கால், கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எல்லோரும் பெற்றோல் இல்லாமல் போய் வரக்கூடிய பாதைகள் என்று திட்டம். நல்ல திட்டம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இறங்கி, மரங்களைப் பார்த்து, மேடு பள்ளம் கேட்டு, வெயிலில் முகம் சிவந்து வந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

எங்கள் ஊர் இரண்டு வரிசை. ரோட்டு முகப்பில் இருப்பது முன்வரிசை. யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்த குடும்பங்கள் அதில் இருக்கின்றன. நானும் அதில் ஒருவன். பின்னால், காட்டோரமாக, மலையகத்தில் இனக்கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த சனத்தின் வரிசை. அவர்களுக்கு ரோடு கிடையாது. ரோட்டுக்கு வருவதென்றால் குளக்கட்டால் சுற்ற வேண்டும். அல்லது பொட்டால் வர வேண்டும்.

பொட்டு என்பது வேலியில் ஆள் நுழைய விடுகிற இடைவெளி. முன்வரிசையில் ஒரு அண்ணையின் காணியில், பின்வேலியில் ஒன்றும் முன்வேலியில் ஒன்றுமாக இரண்டு பொட்டு இருந்தது. மற்றக் காணிகளின் பின்னால் பள்ளமும் பற்றையும், சைக்கிள் உருளாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு அவருடைய கிணற்றடியால், தேசி எலுமிச்சை மரங்களுக்கு ஊடாக வந்தால் ரோடு. போகிறவர்கள் மாடு நுழையாதபடி குறுக்குத் தடியை மறுபடி போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு யாரும் அனுமதி கேட்டதுமில்லை, யாரும் கொடுத்ததுமில்லை.

நாங்கள் இருவரும் சைக்கிளோடு அந்தப் பொட்டால் நுழைந்தபோது அண்ணை கிணற்றடியில் நின்றார். திட்ட அம்மாவுக்குக் கண் விரிந்துவிட்டது.

"இது வழமையா எல்லாரும் போற பாதையோ?"

"ஓம் பிள்ளை, பின்னுக்கு இருக்கிற சனம் முழுக்க இதாலதான் போகும். நான் ஆரை மறிச்சனான்?" என்றார் அண்ணை. என்னைப் பார்த்து, "கீறு தம்பி, இதையும் கீறு. என்ர காணிக்குள்ளால ஒரு பாதை போகுதெண்டு எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நானும் பச்சை மையில் ஒரு கோடு இழுத்தேன்.

படம் கையொப்பமாகி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. படத்தில் ஏறிய பாதை பொதுப் பாதை. பொதுப் பாதைக்குப் பத்தடி அகலம் வேண்டும். பத்தடி என்றால் கிணற்றுக் கட்டு போகும், தேசி மரங்கள் முழுதும் போகும். திட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நூல் பிடித்து, சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் அண்ணை இரண்டு பொட்டையும் முள்ளுக்கம்பியால் இறுக்கி அடைத்துவிட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"சனம் எப்பிடி அண்ணை போறது?"

"தம்பி, நீ நியாயம் சொல்லு. பொட்டு எண்டால் அது என்ர காணி. நாளைக்கும் திறந்து விடுவன். பாதை எண்டால் அது என்ர காணி இல்லை. நான் இப்ப விட்டனெண்டால் சம்மதிச்ச மாதிரி. பிறகு கிணத்தை ஆர் தருவினம்? நீ போய்ப் படத்தில அழிச்சுப்போட்டு வா, அண்டைக்கே கம்பியை வெட்டுறன்."

அவர் சொன்னதில் எங்கே பிழை பிடிக்கிறது? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

இந்த அடைப்பில் உயிர் போகிற மாதிரி மாட்டுப்பட்டது பின்வரிசையில் இருக்கிற ஒரு தங்கச்சி. ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலை பஸ் விடிய முதலே சந்திக்கு வந்துவிடும். புருஷன் மரத்தால் விழுந்து இடுப்பு இயலாமல் கிடக்கிறான். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. பொட்டு இருந்தவரை அவள் சைக்கிளில் கண்மூடித் திறக்கமுன் ரோட்டுக்கு வந்துவிடுவாள். இப்போது இருட்டில் குளக்கட்டால் சுற்ற வேண்டும். குளக்கட்டில் அந்த நேரம் யானை நிற்கும். ஹாண்டிலில் ஒரு டோர்ச்சைக் கட்டிக்கொண்டு அவள் போவாள்.

அலுவலகத்துக்குப் போனேன். திட்ட அம்மா மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய கதிரையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். படத்திலிருந்து அந்தப் பச்சைக் கோட்டை எடுக்கலாமாம். ஆனால் அந்தப் பாதையால் பயன்பெறுகிறவர்கள், அதாவது பின்வரிசைக்காரர், எங்களுக்கு அந்தப் பாதை தேவையில்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

"அவையளுக்குத் தேவை. அதுக்குத்தானே வந்தனான்" என்றேன்.

"அப்ப ஏன் எடுக்கச் சொல்லுறீங்கள்?" என்று அவர் கேட்டார்.

தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் முட்டுவது என்று தெரியவில்லை. ஆனாலும் அந்தத் தங்கச்சியிடமே போய் விளக்கிச் சொன்னேன். பாதை வேண்டாம் என்று எழுதினால் பொட்டுத் திறக்கும், அண்ணை சொன்ன சொல் மாறமாட்டார் என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, எங்க அப்பா ரோடு கேட்டுக் கேட்டே செத்தாரு. எத்தன பேருகிட்ட போனாரு, உங்களுக்கே தெரியும். இப்பதான் கவுருமெண்டு படத்துல எங்களுக்குன்னு ஒரு ரோடு வந்திருக்கு. அத வேணாமுன்னு நானே எப்படிண்ணே எழுதிக் குடுப்பேன்?"

"பத்தடி அவர் விடமாட்டார் தங்கச்சி. அது வராது."

"வராதுன்னு எனக்கும் தெரியுதுண்ணே. ஆனா எழுத முடியாது."

அவளை வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? முன்வரிசைக்காரன், சொந்த வாசலில் ரோடு உள்ளவன்.

மாரி தொடங்கிய பிறகு ஒரு விடியலில் குளக்கட்டில் யானை மறித்து நின்றது. அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினாள். அன்றைக்குப் பஸ் போய்விட்டது. பிறகும் இரண்டு மூன்று முறை அப்படியானது. அவளுடைய வேலை போய்விட்டது.

இப்போது சந்திக்குப் பக்கத்தில் திட்டத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. நான் கீறிய படத்தைப் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். மரங்கள், வாய்க்கால், பச்சைப் பாதைகள் எல்லாம் வடிவாக இருக்கின்றன. போன கிழமை நான் அந்தப் பக்கமாய் வந்தபோது அவள் சைக்கிளை நிறுத்தி, ஹாண்டிலில் அரிசிப் பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரலை வைத்து ஒரு கோட்டை மெல்லத் தொட்டாள்.

"அண்ணே, இதுதானே எங்க ரோடு?"

"ஓம்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறி, குளக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.