அத்தை கேட்ட படம்

என் அத்தையைப் படமெடுத்த புகைப்படக்காரர் ஈப்போவிலிருந்து வந்தபோது எனக்குப் பத்து வயது. பீடோர் வட்டாரத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிவிட்டிருந்தன. எங்கள் தோட்டத்தில் மட்டும் ஆற்றோரமாகக் கொஞ்சம் ரப்பர் மிச்சமிருந்தது. அந்த மரங்களைப் பாலுக்காகச் சீவிய பெண்களில் அப்பாவின் அக்காவும் ஒருத்தி. வந்தவர் இளைஞர்; கழுத்தில் இரண்டு கேமரா தொங்கியது; தோட்டத்து மேலாளரான துரையிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். ரப்பர் வேலை முடிந்துபோவதற்குள் அதைப் படமாக எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். யாரை எடுக்கலாம் என்று அவர் கேட்டபோது மற்றப் பெண்கள் வெட்கப்பட்டு ஒதுங்கினார்கள். அத்தை ஒதுங்கவில்லை. அவளுக்கு வெட்கப்பட வராது.

பள்ளி விடுமுறை என்பதால் வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். விடியும் முன்பே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு அத்தை தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரையில் இறங்கினாள். புகைப்படக்காரர் பின்னாலேயே போனார். முதல் மரத்திலேயே அத்தை உளியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் கேமராவை இறக்கிவிட்டார். சிரிப்பை மறந்து அவள் அடுத்த மரத்துக்குக் குனிந்ததும் படபடவென்று எடுத்தார். காலை முழுவதும் இதே கதைதான். அவள் கொசுவை அடித்தபோது எடுத்தார், மூக்கைச் சிந்தியபோது எடுத்தார், வாளியைத் தூக்கி முகம் கோணியபோது எடுத்தார். தயாராக நின்றபோதெல்லாம் வானத்தைப் பார்த்தார்.

பசியாற உட்கார்ந்த இடத்தில் அத்தை கேட்டேவிட்டாள்.

"ஏன் தம்பி, நான் நல்லா நிக்கிறப்போ எடுக்க மாட்டேங்கிறீங்க?"

நடப்பதை நடக்கிறபடியே எடுப்பதுதான் தன் வேலை என்று அவர் விளக்கினார். தான் அங்கே இல்லாவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் படத்தில் இருக்க வேண்டுமாம். ஒரு கிளையைக்கூட நகர்த்தி வைக்க மாட்டாராம். கேமராவின் பின்பக்கத்தில் காலையில் எடுத்தவற்றைக் காட்டினார். அத்தை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். பிறகு, "இதெல்லாம் உங்களுக்கு. எனக்கு ஒண்ணு எடுங்க" என்றாள்.

அவர் சலித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மாறாக உற்சாகமாகிவிட்டார். அப்படியும் ஒரு வகைப் படம் உண்டு என்றார். அதில் ஆள் கேமராவை நேருக்கு நேர் பார்க்கலாம். ஆனால் ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் நிற்காமல் தன்னுடைய சொந்த இடத்தில் இருக்க வேண்டும்.

"உங்களைத் தெரியாதவங்க பார்த்தாலும் இவங்க யாருன்னு அந்த இடம் சொல்லணும்க்கா. எந்த இடம்னு நீங்களே யோசிச்சு வைங்க. நாளைக்கு எடுத்துடுவோம்."

அன்று மாலை வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கோயில் வாசலில் பட்டுப் புடவையோடு நிற்கச் சொன்னாள் அம்மா. அப்பா தன் புது மோட்டார் சைக்கிளை இரவல் தர முன்வந்தார். நான் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை இருக்கும் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் எடுப்பதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் ரப்பர் பால் சேரும் கொட்டகையில் நிறுவை முடிந்து கிராணி ஆபீசுக்குப் போனார். பாலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி என்றால் தோட்டத்தில் தனி மதிப்பு. அவர் முன்னால் என் அப்பாவுக்கே குரல் தாழ்ந்துவிடும். அத்தை குழாயடியில் முகம் கை கால் கழுவி, கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டாள். அதே பால்கறை படிந்த சட்டைதான். ஒரு நல்ல துணிகூடக் கொண்டு வரவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது. "வாங்க தம்பி" என்று புகைப்படக்காரரைக் கூப்பிட்டுவிட்டு, அவள் மேசையைச் சுற்றிப் போய், கிராணியின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி, "அக்கா, வேணாம்லா" என்று மெல்லச் சொன்னாள். அத்தை திரும்பவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் கேமராவைப் பார்த்தாள்.

புகைப்படக்காரருக்கு ஒன்றும் தெரியாது. வாசல் வழியாக வந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுவதில் மகிழ்ந்துபோய், முன்னால் கிடந்த வாளிகளும் தராசும் படத்தில் வரும்படி குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அப்போது கிராணி திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். மேசைமேல் அத்தையின் விரல் நுனிகள் அழுந்தி வெளுத்ததைப் பார்த்தேன். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறையுது."

கிராணி அவரைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு தள்ளி நின்றார்.

படம் எடுத்து முடிந்ததும் அத்தை எழுந்து, நாற்காலியை இருந்தபடியே தள்ளி வைத்தாள். வாளிகளை எடுத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று கிராணியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

புகைப்படக்காரர் சொன்னபடியே கொஞ்ச நாளில் இரண்டு படங்களை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றில் அத்தை பனிமூட்டத்தில் மரத்தோடு மரமாகக் குனிந்திருந்தாள்; பார்க்கவே அழகு. மற்றதில் சிரிக்கக்கூட இல்லை. முதல் படத்தை மாட்டலாம் என்று நான் கெஞ்சினேன்.

"அது நான் வேலை செய்யறதுலா" என்றாள் அத்தை. "இதுதான் நான்."

அந்தப் படம் கூடத்தில், உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் ஏறியது. அதற்குள் அத்தைக்கு மேட்டு நிரை கொடுத்துவிட்டிருந்தார்கள். மழை பெய்தால் வழுக்கும் சரிவு, பால் வற்றிய கிழட்டு மரங்கள். ஆள் பற்றாக்குறை என்று கிராணி சொன்னாராம். நானும் அப்படியே நம்பினேன். அத்தை பீடோருக்குப் போய் அடியில் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி வந்து, மறுநாளே மேடேறினாள்.

இன்று நான் ஈப்போவில் ஒரு அலுவலகத்தில் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அந்தக் கொட்டகையில் பால் கொண்டுவந்த ஒரு பெண்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பதும், அவர்களுக்கென்று அங்கே ஒரு பலகைகூடப் போட்டிருக்கவில்லை என்பதும் வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. படமெடுத்த அன்றைக்கு நான் புரிந்துகொண்டது வேறு. விடியும் முன்பிருந்து நிற்கிறாளே, பாவம், கால் வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். மாலையில் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி எடுத்துப் போய் அவள் முழங்காலில் தேய்த்தேன். அத்தை என்னை ஒரு கணம் வியப்பாகப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு கால்களையும் நன்றாக நீட்டிக் கொடுத்தாள்.