மூக்கைக் கால்மாட்டில் வைத்த கார்கள்

கார் மெக்கானிக் வேலையில் கை அழுக்காவதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. "நான் ஒண்ணுமே செய்யல அண்ணாச்சி, வண்டி அதுவா நின்னுட்டு" என்று சொல்கிறவர் முன்னால் சிரிக்காமல் நிற்பதுதான் கஷ்டம். மிக்சியோ, மோட்டாரோ, பல்லோ, வயிறோ, எதையாவது ரிப்பேர் பார்க்கிற ஆளாக நீங்கள் இருந்தால் இந்த வசனம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும்.

என் பட்டறை தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில், புதுக்கோட்டை என்கிற சின்ன ஊரில் இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரிக் கேஸாக வரும். காருக்குக் காற்று உள்ளே போகிற வாயை, கம்பெனிக்காரன் பானெட்டுக்குள் உயரமான இடமாகப் பார்த்து வைத்திருப்பான். நம் ஆட்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் வாங்கின பளபளப்பான குழாய் ஒன்றை மாட்டுவார்கள். அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு பில்டர். அது பம்பருக்குப் பின்னால், டயர் பக்கத்தில் தொங்கும். அங்கேதான் காற்று குளிர்ச்சியாக இருக்குமாம், வண்டி பறக்குமாம். மழை பெய்தால் அங்கே தண்ணீரும் இருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. காற்றை எஞ்சின் அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அமுக்கப் போனால் பிஸ்டனைத் தாங்குகிற ராடு வளையும். அவ்வளவுதான், எஞ்சின் சோலி முடிந்தது.

இந்த அநியாயக் குழாயில் ஒன்றை நானே, எல்லாம் தெரிந்தே, ஒரு காருக்கு மாட்டினேன். அதனால் என் மகளின் காதுகுத்து நின்றுபோகப் பார்த்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வேலை செய்கிற பில்டர்

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிற தம்பி, லோடு ஆட்டோவில் கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு வந்தான். "தண்ணி பாதி டயருக்குத்தான் அண்ணாச்சி கெடந்துச்சு" என்றான். பில்டர் தொங்குவதும் சரியாக அந்தப் பாதி டயர் உயரத்தில்தான். கூம்பைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. பில்டருக்கு வெளியே ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

எஞ்சினைப் பிரித்து, வளைந்த ராடைக் கையில் எடுத்துக் காட்டினேன். தண்ணீர் எப்படிப் போனது, எங்கே இடித்தது என்று கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அவன் ராடைப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் கிடந்த ஷாம்பு பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சந்தோஷமாகக் கேட்டான்: "அப்போ பில்டர் நல்லா வேலை செஞ்சிருக்குல்லா அண்ணாச்சி?"

ஒரே ஒரு தடவை

நாசரேத் பக்கத்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். அவருடைய மகன் காரில் குழாயை மாட்டி ஓட்டித் தீர்த்துவிட்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது வண்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பாவம், சாருக்குக் குழாய் இருக்கிற விஷயமே தெரியாது. ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கின தண்ணீரில் இறக்கியிருக்கிறார்.

தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அதுதான் முதல் பாடம். "எத்தனை தடவை சார் சாவியைத் திருப்புனிய?" என்று கேட்டேன். வெள்ளை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒரே ஒரு தடவைதான் தம்பி" என்றார். எஞ்சினின் பக்கவாட்டில் என் கை முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஒரு தடவைக்கு அப்படி ஓட்டை விழாது. ஆனால் ஒரு வாத்தியாரைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

டீ குடித்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் டம்ளரைக் கீழே வைத்தார்கள். "பொய் சொல்லாதிங்க. நீங்க திருப்புன ஒவ்வொரு தடவைக்கும் நான் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். பதினாலு ஸ்தோத்திரம் ஆச்சு. பதினாலாவதுலதான் ஸ்டார்ட் ஆகி, படார்னு கேட்டுச்சு."

தண்ணி குடிச்சவனை நடக்கச் சொல்லுவோமா?

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற அண்ணன் ஒருவர் பழைய கார் வாங்கியிருந்தார். குழாய் காரோடு சேர்ந்தே வந்தது. அவர் வண்டியும் தண்ணீரில் நின்றது. ஆனால் மனுஷன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமலே வண்டியை இழுத்துவந்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் வீட்டம்மாவும் கூட வரவில்லை, கேட்டுப் பார்க்க. பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றினேன். தண்ணீர் பீய்ச்சி அடித்து என் சட்டை நனைந்தது. ஆயிலை ரெண்டு தடவை மாற்றினேன். சாயங்காலம் வண்டி சிரித்துக்கொண்டே கிளம்பியது. ராடு வளையவில்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

"யாருண்ணே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "தண்ணி குடிச்சவன மொதல்ல கவுத்துப் போட்டுத் தண்ணிய எடுப்போமா, ஏல, எந்திரிச்சு நடன்னு சொல்லுவோமா?" என்றார். அப்புறம் குனிந்து அந்தக் கூம்பைப் பார்த்தார். "நான் எட்டுப் பாகம், அம்பதடி ஆழத்துக்குப் போறவன். எனக்குக் காத்து வார குழாயோட வாய் படகுக்கு மேலதான் இருக்கும். இது ரோட்டுல போற வண்டி. இதுக்கு எதுக்கு அண்ணாச்சி மூக்கக் கால்மாட்டுல வச்சிருக்கிய?"

வேலியில் போன ஓணான்

இனி என் கதை. என் சம்சாரத்துக்கு ஒரே தம்பி, பேர் செந்தில். புதுக் கார் வாங்கின மறுநாளே குழாயோடு பட்டறையில் வந்து நின்றான். "மாட்டித் தாங்க அத்தான்" என்றான். முடியாது என்றேன். ஷாம்பு பாக்கெட் கதையைச் சொன்னேன், ஸ்தோத்திரக் கதையைச் சொன்னேன், அந்த அண்ணன் சொன்னதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் நன்றாகச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "சரி, மாட்டுங்க" என்றான்.

யார் கேட்டாலும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புகிறவன் நான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை. மறுநாள் உப்பும் இல்லை, பேச்சும் இல்லை. மூன்றாம் நாள் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். குழாயை மாட்டிக் கொடுத்தேன். என்னை மாட்ட வைத்தது என் சம்சாரம் சொன்ன ஒரே வாக்கியம்: "ஊர்ல உள்ள வண்டியெல்லாம் பாக்கிய, என் தம்பி வண்டின்னா மட்டும் உங்களுக்கு மழை வந்துரும்."

தாய்மாமன் மடி

மழை வந்தது, கார்த்திகையில், என் மகள் பவிக்குக் காது குத்துகிற அன்றைக்கு. எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போன சடங்கு. "என் தம்பி மடி இல்லேன்னா காதே குத்த வேண்டாம்" என்று என் சம்சாரம் முன்பே சொல்லியிருந்தாள். சாத்தான்குளம் தாண்டி எங்கள் குடும்பக் கோயில். நாங்கள் முந்தின நாளே பட்டறைப் பிக்கப்பில் போய்விட்டோம். பத்தரைக்கு முகூர்த்தம். ஒன்பதே முக்காலுக்கு போன் வந்தது. "அத்தான், தரைப்பாலத்துல நிக்கேன். நான் ஒண்ணுமே செய்யல, வண்டி அதுவா நின்னுட்டு."

"ஏல, சாவியத் தொடாத!" என்று கத்தினேன். "தொடல அத்தான்" என்றான். அவன் பேச்சுக்குப் பின்னால் ஸ்டார்ட்டர் இரைகிறது எனக்குக் கேட்டது. அப்புறம் டங்கென்று ஒரு சத்தம். இருபது வருஷமாக எனக்குப் பழக்கமான சத்தம்.

பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். முழங்கால் தண்ணீரில் கார் நிற்க, செந்தில் சீர்த் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பானெட்டில் உட்கார்ந்திருந்தான். "கயிறு கட்டுவோமா அத்தான்?" என்று கேட்டான். "வண்டி கெடக்கட்டும், நீ ஏறு. எனக்கு இப்ப உன் மடிதான் வேணும்" என்றேன். பத்து இருபத்தைந்துக்குக் கோயிலில் இறக்கினேன். பவி மாமனின் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரம்" என்று ஓடிவிட்டாள். பூசாரியின் வேட்டியை வாங்கி அவனுக்குக் கட்டிவிட்டு, பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து, பத்தரைக்குக் குத்திவிட்டார்கள். பவி அழுதாள். செந்தில் அவளைவிட அதிகமாக அழுதான். பிள்ளைக்காகவா எஞ்சினுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

கூட்டம் பந்திக்கு நகரும்போது என் சம்சாரம், "எந்தக் கூறுகெட்டவன் அந்தக் குழாய மாட்டுனது?" என்று சத்தமாகக் கேட்டாள். செந்தில் கோயில் மணியைப் பார்த்தான். இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். "நான்தான்" என்றேன். "நீதானே மாட்டச் சொன்ன?" என்றும் சொல்லிப் பார்த்தேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. "நான் ஆயிரம் சொல்லுவேன். மெக்கானிக்கு நீங்களா, நானா?"

மகளுக்குக் குத்தின காது பதினைந்து நாளில் ஆறிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காதுதான் இன்னும் ஆறவில்லை.