காப்புக் கட்டிய கை

திருவொற்றியூர் எல்லையம்மன் கோயில் தெருவில் சொக்கம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தவள். ஐம்பத்தோராம் வருஷம் பலகை சறுக்கி விழுந்ததில் தலையில் பலத்த அடி. உயிரை அம்மன் காப்பாற்றிக் கொடுத்தாள். ஞாபகம்தான் அன்றோடு நின்றுபோயிற்று. விழுவதற்கு முந்தியதெல்லாம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் நடந்தது எதுவும் ஓர் இரவு தூங்கி எழுந்தால் இருக்காது. தினமும் காலையில் மகள் கன்னியம்மா, "எம்மா, நீ வுயுந்துட்ட, மூணு வருசம் ஆவுது" என்று முதலிலிருந்து சொல்லுவாள்.

கொடுத்த வாக்கை மீறாதவள் என்று சொக்கம்மாளுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைத்தான் கொழுந்தன் பக்தவச்சலம் பிடித்துக்கொண்டான்.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் அவன் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்தான். சொக்கம்மாள் கூழுக்காகக் கேழ்வரகு மாவில் முழங்கை வரை கையை விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, குந்திகினு கீற? நேத்து என் வூட்டாண்ட வந்து, கன்னியம்மாவ என் மொதலாளிக்குக் கட்டித் தரேன்னு நாலு பேரு முன்னால சூடம் அணைச்சியே!"

அந்த முதலாளிக்கு அறுபது வயசு.

"நான் நேத்து தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்ட்டேம்மா. எனக்கு இன்னா தெரியும்?" என்று கன்னியம்மா அழுதாள்.

சொக்கம்மாள் நேற்றைத் தேடிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சூடம் அணைத்திருந்தால் மகளைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். "தாயே, நானா சொன்னேன்?" என்று முனகிக்கொண்டே எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள்.

மாவு கரைந்ததும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

"கன்னிம்மா, இந்தக் காப்பு எப்ப கட்னது?"

"போன ஞாயித்துக்கெயம, கோயில்ல. மூணு நாளாச்சு. வர்ற ஞாயித்துக்கெயமதான் அவுப்பாங்க."

காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து சொக்கம்மாள் காத்துவந்த விரதம் அது. அடிபட்ட தலையிலிருந்தும் அது போகவில்லை.

கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தக் கையோட கொருக்குப்பேட்டைக்கு வந்தேனா? வூடு பத்திகினு எரிஞ்சாலும் எல்லையத் தாண்டுவேனாடா நானு?"

பக்தவச்சலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் சிரித்தான். "நல்லா கத்து அண்ணி. நாளைக்கு இதுவும் மறந்துபூடும். நான் நாளைக்கும் வருவேன்."

அவன் சொன்னதும் நிஜம்தானே! சொக்கம்மாள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தாள். கோயிலுக்குக் கூழ்ப்பானை எடுத்துப்போன பெண்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"தாயம்மா! எல்லாரும் பாத்துக்கங்கடி! சூடத்து மேல பொய் சொல்லி என் பொண்ணத் தூக்கப் பாக்கறான். எனக்கு நாளைக்கு ஞாபகம் இருக்காது. ஒங்களுக்கு இருக்குமில்ல? தெனம் காலைல எனக்குச் சொல்லுங்கடி!"

"நீ மறந்துக்க அக்கா, நாங்க மறப்பமா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா. "சொக்காய வுடு, கியிஞ்சிடப் போவுது. மொதலாளி வாங்கிக் குடுத்ததா இருக்கும், பாவம்!"

அவன் சிரிப்பு அப்போதுதான் போயிற்று.

மறுநாளிலிருந்து குழாயடியில் அவளுக்குக் கதை சொல்லுவது வழக்கமாகிவிட்டது. மற்றவர்களுக்குக் கோபம் ஆறிப்போயிற்று. சொக்கம்மாளுக்கு மட்டும் அது தினமும் புதுசு. கன்னியம்மா தன்னோடு வேலை செய்த ஜெயவேலைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்கிற காலத்திலும், சொக்கம்மாள் கதையைக் கேட்டதும் குடத்தை ணங்கென்று கீழே வைப்பாள்.

"எங்கடி அவன்? வரச் சொல்லு!"

பக்தவச்சலம் அந்தப் பக்கம் தலைகாட்டவேயில்லை.